தொடுகையின் கணக்கு

(சயானில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இவ்வாண்டு விஞ்ஞானம் பற்றியும் ஒரு சொற்பொழிவு வேண்டும் எனச் செயற்குழுவினர் விரும்பினர். அப்பணியை என்னிடம் ஒப்படைத்தனர். நான் இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் எழுத்தன். மெட்ரிகுலேஷனோடு என் பள்ளிப் படிப்பு முடிந்தது. ஆயினும் கணக்கு எழுதியே காலம் கழிப்பவனுக்கு நல்ல கணக்கு ஒன்றைக் கண்டால் மனம் மகிழும் அன்றோ? அத்தகைய கணக்கு ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். அது நம் உடலுக்குள் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்னும் கணக்கு. அதன் அடிப்படை அளவுகளை வகுத்துக் கொடுத்த ஊர் சென்னை. அந்த ஆராய்ச்சி தொடங்கிய பொருளோ, இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய பாட்டனார் கையால் தொட்டுப் பிழைத்த பொருள். ஆம், அது தோல்.

நம் சயானுக்கு அடுத்திருக்கும் தாராவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு நெல்லைச் சீமையிலிருந்து நம்மவர் வந்து குடியேறினர். தோல் பதனிடும் தொழிலே அவர்களில் பலருக்குச் சோறு போட்டது. பதனிடும் தொட்டிகள் இன்று தாராவியில் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தோலால் பைகளும் வார்களும் செய்யும் தொழில் மட்டும் இன்னும் நடக்கிறது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போட்டு, மயிர் களைந்து, பின்னர் ஆவாரம் பட்டைச் சாற்றிலோ கடுக்காய்ச் சாற்றிலோ குரோம் உப்பிலோ ஊறவைத்தால் அழுகக்கூடிய தோல் அழுகாத தோலாகிறது. ஏன்? தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். பதனிடும் பொருள்கள் அந்தப் புரத இழைகளுக்கிடையே புகுந்து, ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளுமாறு செய்கின்றன. பச்சைத் தோல் ஏறத்தாழ 60 பாகை வெப்ப நீரிலேயே சுருங்கிவிடும். குரோம் இட்டுப் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். தோல் அதே தோல்தான். உள்ளே ஏற்பட்ட பிணைப்புகளே புதியவை.

இதன் மறுபக்கத்தையும் நாம் அறிவோம். தோலையும் எலும்பையும் நெடுநேரம் காய்ச்சினால் தச்சர் பயன்படுத்தும் வச்சிரப் பசை கிடைக்கும். அங்கும் புரதத்தின் சங்கிலி பெரிதும் அப்படியே இருக்கிறது. ஆனால் சங்கிலியும் சங்கிலியும் பற்றியிருந்த பிடி நழுவிவிட்டது. ஆகவே உறுதியான தோல் கொழகொழத்த பசையாயிற்று.

புரதம் என்பது என்ன? அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம். ஒவ்வொன்றும் கோக்கப்படும்போது சிறிது நீர் வெளியேறும். எஞ்சி நிற்கும் பகுதியை நாம் கண்ணி என்று அழைப்போம். கண்ணிகள் பொதுவாக 20 வகைப்படும். எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு ஒன்றே. பக்கக் கிளை மட்டும் வேறு வேறு. சில கிளைகள் நீரை விரும்பும். சில எண்ணெய்போல் நீரை விலக்கும். சில மின்னேற்றம் உடையன. கிளைசின் என்னும் கண்ணிக்குக் கிளை என்று சொல்ல ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உண்டு.

சரக்கு வண்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு பெட்டி இணைப்புக் கொக்கியால் கோக்கப்பட்டு வரிசையாக நிற்கும். ஆறாம் பெட்டிக்கு அண்டை ஐந்தாம் பெட்டியும் ஏழாம் பெட்டியுமே. ஆனால் நம் சரக்கு வண்டி தண்டவாளத்தை விட்டு எழுந்து, நூல் உருண்டைபோல் தன்னைத்தானே சுருட்டிக்கொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். அப்போது ஆறாம் பெட்டியின் பக்கச் சுவரை எண்பதாம் பெட்டியின் சுவர் உரசிக்கொண்டு நிற்கலாம். புரதச் சங்கிலி அவ்வாறே சுருண்டு மடிகிறது. வரிசையில் தூரத்தில் இருப்பவை இடத்தில் அண்டையாகின்றன. இந்த அண்மையையே நான் தொடுகை என்கிறேன். எந்தக் கண்ணி எந்தக் கண்ணியைத் தொடுகிறது என்னும் பட்டியல் கிடைத்துவிட்டால், புரதத்தின் உருவம் பெரும்பாலும் கையில் கிடைத்தது போலத்தான்.

தொடுகை தவறாமல் அமைவது எத்துணை அரிது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ரிபோநியூக்ளியேஸ் என்று ஒரு புரதம் உண்டு. அதில் 124 கண்ணிகள். அவற்றுள் 8 கண்ணிகள் கந்தகம் உடைய சிஸ்டீன். இந்த எட்டும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு கந்தகப் பாலங்கள் அமைக்கின்றன. எத்தனை விதமாக இணை சேரலாம்? முதல் கண்ணிக்கு ஏழு துணைகள் சாத்தியம், அது போக அடுத்ததற்கு ஐந்து, அதற்கடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு ஒன்று. பெருக்கினால் 105 வழிகள். அவற்றுள் ஒன்று மட்டுமே சரியானது. அமெரிக்க அறிஞர் கிறிஸ்டியன் ஆன்பின்சன் பாலங்களை அறுத்துச் சங்கிலியை முற்றும் அவிழ்த்துவிட்டார். பின்னர் தக்க சூழ்நிலையில் விட்டபோது, யாரும் கைகொடுக்காமலே அது மீண்டும் மடிந்து, 105-இல் அந்த ஒன்றையே தேர்ந்து, தன் வேலையையும் செய்யத் தொடங்கியது. மடியும் முறை வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என இதனால் விளங்கியது. இதற்காக 1972-இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இனிச் சென்னைக்குச் செல்வோம். எரணாகுளத்தில் 1922-இல் பிறந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பழகி, கேம்பிரிட்ஜ் சென்று பட்டம் பெற்றுத் திரும்பியவர் ஜி. என். இராமச்சந்திரன். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் அவருக்குத் துணை நின்றார். சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பை இன்னும் எவரும் திருப்தியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று உரையாடலில் குறிப்பிட்டார். அந்தச் சொல்லை இராமச்சந்திரன் பற்றிக்கொண்டார்.

கொலாஜனுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே, அடையாற்றில், 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. இராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் அதன்மீது எக்ஸ்-கதிர்களைப் பாய்ச்சிப் படம் எடுத்தனர். மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பே கொலாஜன் என 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். அம்மூன்றும் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று 1955-இல் திருத்தி விளக்கினர்.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மூன்று புரிகளை இறுக முறுக்கினால் நடுவில் இடமே இராது. கொலாஜனிலும் அப்படியே. ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கயிற்றின் நடுவே வந்து அமர வேண்டும். அங்கே உட்காரக்கூடியது, கிளை என்று ஒன்றும் நீட்டாத கிளைசின் மட்டுமே. அதனால்தான் கொலாஜனில் மூன்றில் ஒரு கண்ணி கிளைசினாக இருக்கிறது. அந்த இடத்தில் வேறு பெரிய கண்ணி ஒன்று பிறவியிலேயே புகுந்துவிட்டால் கயிறு சரியாக முறுக்கேறாது. எலும்பிலும் கொலாஜனே இழையாக இருப்பதால், அத்தகைய குழந்தைகளுக்கு எலும்பு எளிதில் முறியும் நோய் உண்டாகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகளில் ஒரே ஒரு கண்ணி, தனக்கு இடமில்லாத இடத்தில் உட்கார்ந்ததன் விளைவு அது.

சென்னையின் முடிவைக் கேம்பிரிட்ஜ் எளிதில் ஏற்கவில்லை. பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்னும் இருவரும் 1955-இலேயே மறுப்பு எழுதினர். மூன்று சங்கிலி முறுக்கு சரியே. ஆனால் சென்னை காட்டும் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன. அவ்வளவு நெருக்கம் இயற்கையில் இயலாது என்பது அவர்கள் வாதம். ஒவ்வொரு மூன்று கண்ணிகளுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றது சென்னை. ஒன்றே என்றது கேம்பிரிட்ஜ்.

நண்பர்களே, என் பேச்சின் உயிர் இவ்விடத்தில்தான் இருக்கிறது. பெரிய இடத்திலிருந்து மறுப்பு வந்தால் நம்மில் சிலர் அடங்கிப் போய்விடுவோம்; சிலர் கோபித்துக்கொள்வோம். இராமச்சந்திரன் இரண்டையும் செய்யவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று யார் அளந்து சொன்னார்கள் என்று கேட்டார். அதுவரை அச்சேறியிருந்த படிக அமைப்புகளை அவரும் வி. சசிசேகரனும் தேடி எடுத்து, அணுவுக்கு அணு உள்ள தூரங்களைப் பட்டியலிட்டனர். பட்டியல் என்ன சொல்லிற்று? பலர் நம்பியிருந்த எல்லையைவிடக் குறைந்த தூரங்களும் இயற்கையில் உள்ளன என்று சொல்லிற்று.

அதிலிருந்து இருவகை எல்லைகளை வகுத்தனர். ஒன்று, இயல்பான எல்லை. மற்றொன்று, அரிதாக ஏற்கத்தக்க கடைசி எல்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் இயல்பான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் 2.7, கடைசியாக 2.6. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, கடைசியாக 1.9. ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறு செய்தால் அதில் ஒரு கூறே ஓர் ஆங்ஸ்ட்ராம் என்றால் இந்த அளவுகளின் நுட்பம் விளங்கும்.

இருப்புப்பாதையில் வேலை செய்வோருக்கு இது புதிதன்று. இரண்டு தடங்கள் வந்து கூடும் இடத்தில், அவற்றின் நடுவே ஓர் அடையாளம் பதித்திருப்பார்கள். அதற்கு ஃபௌலிங் மார்க் என்று பெயர். அதைத் தாண்டி ஒரு பெட்டி நின்றால் அடுத்த தடத்தில் வரும் வண்டி அதன்மேல் உரசும். தடத்தில் வண்டி எப்படி வேண்டுமானாலும் செல்லலாம்; அந்த அடையாளத்தை மட்டும் மீறக் கூடாது. இராமச்சந்திரன் வகுத்தவை அணுக்களின் ஃபௌலிங் மார்க்குகள் எனலாம்.

எல்லை கிடைத்த பின் அடுத்த கேள்வி எழுந்தது. புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பக்கூடியது. ஒவ்வொரு திருப்பமும் 360 பாகை. ஒரு திருப்பத்தைக் குறுக்கிலும் மற்றதை நெடுக்கிலும் வைத்து ஒரு சதுரம் வரைந்தால், சங்கிலியின் எல்லா வளைவுகளும் அச்சதுரத்துக்குள் அடங்கும். எந்த வளைவில் அணுவும் அணுவும் எல்லை மீறி மோதுகின்றன, எந்த வளைவில் மோதாமல் நிற்கின்றன என்று சி. இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டார் இராமச்சந்திரன். சதுரத்தின் பெரும்பகுதி மோதலால் விலக்கப்பட்டது. எஞ்சியவை சில தீவுகளே. 1963-இல் வெளிவந்த அந்தப் படம் உலகெங்கும் இராமச்சந்திரன் படம் என்றே வழங்குகிறது. இன்றும் எந்த நாட்டில் எவர் ஒரு புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரியா என்று சோதிக்கும் வழிகளில் ஒன்று, கண்ணிகள் அந்தத் தீவுகளுக்குள் விழுகின்றனவா என்று பார்ப்பதே.

நீதியைக் கருதி மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று சங்கிலி முறுக்கு சென்னையின் கண்டுபிடிப்பு. ஆனால் கண்ணிகளுக்கிடையே நேரான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்னும் கேம்பிரிட்ஜின் கூற்றே பின்னாளில் நிலைத்தது. இருவர் வாதிட்டனர், கொலாஜனின் உருவமும் தெளிந்தது, உலகம் முழுவதற்கும் பயன்படும் அளவுகோலும் கிடைத்தது. துணைவர் கர்த்தாவோ பின்னர் அமெரிக்காவில் பஃபலோ நகர் சென்று, நான் முன்னே சொன்ன ரிபோநியூக்ளியேஸின் முழு அமைப்பையும் 1967-இல் இரு அறிஞருடன் சேர்ந்து கண்டார். இராமச்சந்திரன் 2001-இல் சென்னையில் காலமானார். நோபல் பரிசு அவரை அடையவில்லை.

சென்னை நெருக்கத்தின் எல்லையை வகுத்தது என்றால், திருச்சி அண்டை வீட்டாரை எண்ணியது. பின்னாளில் பாரதிதாசன் பல்கலைக்கழகமாக மலர்ந்த திருச்சி மையத்தில் பி. கே. பொன்னுசாமியும் பி. மணவாளனும், உருவம் தெரிந்த புரதங்களை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொரு கண்ணியையும் மையமாக வைத்து 8 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் ஒரு கோளம் கற்பித்து, அதற்குள் எந்தெந்தக் கண்ணிகள் விழுகின்றன என்று எண்ணினர். நீரை விலக்கும் கண்ணிகள் எவ்வாறு தம்மைப் போன்றவற்றால் சூழப்பட்டிருக்கின்றன என்பதை இவ்வழியில் அளந்து, 1978-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

அந்த மரபில் வந்த எம். மைக்கேல் குரோமிஹாவும் எஸ். செல்வராஜும் 2001-இல் மேலும் ஒரு கேள்வி கேட்டனர். வரிசையில் வெகுதூரம் தள்ளியிருந்தும் இடத்தில் அண்டையாக நிற்கும் தொடுகைகள் ஒரு புரதத்தில் எத்தனை? அத்தகைய தொலைத் தொடுகைகள் மிகுந்த புரதங்கள் பொதுவாக மெதுவாக மடிகின்றன என்று கண்டனர். இயல்புதானே? பக்கத்துப் பெட்டிக்காரன் உடனே வந்து கைகோப்பான்; எண்பதாம் பெட்டிக்காரன் வந்து சேர நேரமாகும். அமெரிக்காவிலும் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், டேவிட் பேக்கர் என்போர் 1998-இல் இதையொட்டிய அளவு ஒன்றைக் கூறியிருந்தனர்.

இப்போது கணினிக் காலம். ஒரே புரதம் மனிதனிடத்திலும் மாட்டினிடத்திலும் மீனினிடத்திலும் சிறுசிறு மாறுதலுடன் இருக்கிறது. அவற்றின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஒரு விந்தை தோன்றும். இருபதாம் கண்ணி மாறிய உயிர்களிலெல்லாம் எழுபதாம் கண்ணியும் கூடவே மாறியிருக்கும். திருகாணியை மாற்றினால் மரையையும் மாற்ற வேண்டுமல்லவா? ஆகவே அவ்விரண்டும் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். இத்தகைய குறிப்புகளையும் உருவம் தெரிந்த புரதங்களையும் கற்றுக்கொண்டு, வரிசையைக் கொடுத்தால் உருவத்தைச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் கணினி முறை 2020-இல் உலகை வியக்கவைத்தது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோரும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வளவும் கேட்டபின், நமக்கு இதனால் ஆவதென்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒன்று உண்டு. அதில் 146 கண்ணிகள். ஆறாவது கண்ணி குளூடாமிக் அமிலம், நீரை விரும்புவது. சிலருக்குப் பிறவியிலேயே அவ்விடத்தில் வேலின் என்னும் எண்ணெய்த் தன்மையுள்ள கண்ணி அமைந்துவிடுகிறது. வெர்னான் இங்கிராம் என்பவர் கேம்பிரிட்ஜில் 1950-களில் இதைக் கண்டார். பிராணவாயு நீங்கிய நேரத்தில் அந்த வேலின், பக்கத்து ஹீமோகுளோபினில் 85, 88 ஆகிய கண்ணிகள் அமைக்கும் எண்ணெய்ப் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. இருக்கக் கூடாத ஒரு தொடுகை ஏற்பட்டுவிட்டது! ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. நோயாளி வலியால் துடிக்கிறான். இதுவே அரிவாள் அணுச் சோகை.

இது ஆப்பிரிக்கரின் நோய் என்று மட்டும் எண்ணியிருந்தனர். 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடத்தில் இதன் கூறு இருப்பதைக் கண்டு எழுதினர். நாம் வாழும் இந்த மகாராஷ்டிரத்திலும் விதர்ப்பப் பகுதியில் இந்நோய் உண்டு. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூறு பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கூறுடைய இருவர் மணந்துகொண்டால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. இதை ஒழிக்கும் நாடு தழுவிய இயக்கம் ஒன்றை இந்திய அரசு 2023 ஜூலை 1-இல் தொடங்கி, 2047-ஐ இலக்காக வைத்திருக்கிறது. இரத்தம் சோதிப்பது எளிது. சோதனையில் கூறு இருப்பதாகத் தெரிந்தால் அது குலத்துக்கு இழுக்கு அன்று. பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் குறை கூறுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு சங்கிலியின் ஆறாவது கண்ணியில் நேர்ந்த மாற்றம், அவ்வளவே. சாதகம் பார்க்கும் நாளில் இரத்தத்தையும் பார்த்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். நம் சங்கத்தின் படிப்பகத்தில் கதைப் புத்தகங்கள் நிறைந்திருக்கின்றன. விஞ்ஞான நூல்களுக்கு ஓர் அலமாரியின் அடித்தட்டுப் போதுமானதாக இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் தாம் படித்த ஒரு செய்தியை எங்களைப் போன்றோர்க்குத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். சொல் கிடைக்காத இடத்தில் நாங்கள் துணை புரிவோம். கொக்கியும் கண்ணியும் கயிறும் புரியும் எங்களுக்குத் தெரியும். அணுவும் மூலக்கூறும் நீங்கள் சொல்லுங்கள். உங்களை எவரேனும் மறுத்துப் பேசினால், சென்னையில் இராமச்சந்திரன் செய்ததைச் செய்யுங்கள். முதலில் அளந்து பாருங்கள். அதன்பின் விடை கூறுங்கள்.